‘லுக் ஷார்ப்!’ கேட்டவர்கள் சொன்னதும் நான் கேட்டதும்

ஸ்வீடனின் பாப் இசை இரட்டையரான ராக்ஸெட் என்றதும் பலருக்கு ‘பிரட்டி வுமன்’ படத்தில் வந்த பாட்டுதான் ஞாபகம் வரும். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிது. 1988 அக்டோபரில் ஸ்வீடனில் வெளியான ‘லுக் ஷார்ப்!’ ஆல்பம் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த கதை. வேலைக்காக ஸ்வீடனின் மால்மோ நகருக்கு வந்த பிறகு, அந்த நாட்களை நேரில் பார்த்தவர்களோடு பேசும் வாய்ப்பு கிடைத்தது. அவர்கள் சொன்னதையும் நான் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா ஹால்ம்ஸ்டாட்காரர். ராக்ஸெட்டின் இருவரில் ஒருவரான பெர் கெஸ்லேயின் ஊர் அது. இன்னொருவரான மரீ ஃப்ரெட்ரிக்சனும் அங்கேதான் பாடத் தொடங்கினார். எண்பதுகளின் தொடக்கத்தில் கெஸ்லேயின் ‘யில்லேனே தீடெர்’ குழு ஸ்வீடன் முழுக்கப் பிரபலம். மரீயும் ஸ்வீடிஷ் மொழியில் தனியாக ஆல்பங்கள் போட்டுப் பெயர் வாங்கியிருந்தார். இரண்டு பேருமே உள்ளூரில் நட்சத்திரங்கள். 1986இல் அவர்கள் ராக்ஸெட்டாகச் சேர்ந்து ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தபோது, “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நமக்கு எதற்கு ஆங்கிலம்?” என்று பள்ளியில் பேசிக்கொண்டார்களாம். முதல் ஆல்பம் ஸ்வீடனில் நன்றாக விற்றது, வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை. 1987 கோடையில் ஈவா தால்கிரென், ரடாட்டா ஆகிய ஸ்வீடிஷ் கலைஞர்களோடு ராக்ஸெட் நாடு சுற்றிவந்தபோது இந்த அம்மா போய்ப் பார்த்திருக்கிறார். “கெஸ்லேயைப் பார்க்கத்தான் போனோம். திரும்பி வரும்போது எல்லோரும் மரீயைப் பற்றியே பேசினோம்” என்றார்.

‘லுக் ஷார்ப்!’ எல்.பி. இசைத்தட்டு அவரிடம் இன்னும் இருக்கிறது. ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டபோது எடுத்துக் காட்டினார். அட்டையின் மூலைகள் மழுங்கியிருந்தன. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் அவர் பெயர், பள்ளிக்கூடக் கையெழுத்தில். அதைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டுகளின் வரிசையைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. முதல் பாட்டு ‘தி லுக்’. கடைசிப் பாட்டு ‘லிசன் டு யுவர் ஹார்ட்’. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த இரண்டும் தட்டின் இரண்டு முனைகளில் நிற்கின்றன. முதலாவதில் கெஸ்லேயின் குரல் முன்னால், கடைசியில் மரீ. ஊசியை வைத்ததும் ஒருவர் வரவேற்கிறார், மற்றவர் வழியனுப்பி வைக்கிறார்.

சரி, இது கடல் தாண்டியது எப்படி? ஆல்பத்தை வெளியிட்ட இ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, தங்கள் சந்தைக்குச் சரிவராது என்று ஒதுக்கிவிட்டது. அந்தச் சமயத்தில் ஸ்வீடனில் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர் ஊருக்குத் திரும்பும்போது இந்தத் தட்டை வாங்கிக்கொண்டு போனார். மினியாபொலிஸில் உள்ள கே.டி.டபிள்யு.பி. வானொலி நிலையத்துக்குப் போய், இதை ஒலிபரப்புங்கள் என்று கொடுத்தார். கொஞ்ச நாள் அது அங்கே சும்மா கிடந்தது. அவர் விடவில்லை. தட்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்று போய் நின்றார். அப்போதுதான் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் அதிகாரி முதல் பாட்டைப் போட்டுக் கேட்டார். ‘தி லுக்’ வானொலியில் வந்தது, நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. நிலையம் பாட்டை நாடாவில் பதிந்து மற்ற நிலையங்களுக்கும் அனுப்பியது. நிறுவனம் விழித்துக்கொண்டு அவசர அவசரமாக வெளியிடுவதற்குள் பாட்டு பல ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1989 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம்.

இதைச் சொன்னால் “அதிர்ஷ்டம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதிர்ஷ்டம் ஒரு பாட்டோடு தீர்ந்துபோகும். இதே ஆல்பத்திலிருந்து அடுத்து வந்த ‘டிரெஸ்டு ஃபார் சக்சஸ்’ 14ஆம் இடம், ‘லிசன் டு யுவர் ஹார்ட்’ மறுபடி முதலிடம், ‘டேஞ்சரஸ்’ இரண்டாம் இடம். ஸ்வீடனின் புகழ்பெற்ற ஆப்பா குழுவுக்கே அமெரிக்காவில் முதலிடம் கிடைத்தது ஒரே ஒரு முறைதான், 1977இல் ‘டான்சிங் குவீன்’ பாட்டுக்கு. ராக்ஸெட்டுக்கு அது நான்கு முறை கிடைத்தது, அதில் இரண்டு இந்த ஆல்பத்திலிருந்து. அந்த மாணவர் செய்தது கதவைத் தட்டியதுதான். பாட்டில் சரக்கு இல்லையென்றால் நேயர்கள் ஏன் தொலைபேசியை எடுக்கப்போகிறார்கள்?

‘தி லுக்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். புதிதாக வாங்கிய சின்தசைசரைப் பழகும்போது கெஸ்லே போட்ட மெட்டு அது. வரிகளில் பல, சந்தத்துக்காகத் தற்காலிகமாக எழுதி வைத்தவை. அப்படியே நிலைத்துவிட்டன. தயாரிப்பாளர் கிளாரன்ஸ் ஏஃப்வர்மன் இயந்திரத் தாளத்தை முன்னால் வைத்து, அதன் மேல் யூனாஸ் ஈசாக்சனின் கிதாரை ஓடவிட்டார். கடைசியில் பாட்டு முடிந்துவிட்டது போல ஒரு நிறுத்தம், அப்புறம் மறுபடி அந்த ‘னா னா னா’. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் என் விரல் தானாக மேசையில் தாளம் போடும்.

ஆனால் என் மனசு ‘லிசன் டு யுவர் ஹார்ட்’ பக்கம்தான். அதன் காணொளியை எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கால்மாரிலிருந்து பாலம் வழியாக ஊலாண்ட் தீவுக்குப் போனேன். பாலமே 6 கிலோமீட்டர். அங்கே போர்க்ஹோல்ம் கோட்டை நிற்கிறது. 1806இல் தீப்பிடித்து எரிந்து, கூரையில்லாமல் சுவர்கள் மட்டும் மிஞ்சிய கோட்டை. சுவர் நெடுகிலும் வெறும் ஜன்னல் ஓட்டைகள், மேலே வானம். உள்முற்றத்தில் காற்று சுழன்று சுழன்று அடிக்கும்.

அங்கேதான் அர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணியைச் சந்தித்தேன். கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு, இந்தக் காணொளிக்காகவே அவ்வளவு தூரம் வந்திருந்தார். 1992இல் புவெனஸ் ஐரிஸில் வேலஸ் சார்ஸ்ஃபீல்டு கால்பந்து மைதானத்தில் ராக்ஸெட் பாடியபோது கூட்டத்தில் இருந்தவர். “எங்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, ஸ்வீடன் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஆனால் எல்லா வரியும் மனப்பாடம்” என்றார். மகனின் கைபேசியில் பாட்டைப் போட்டார். நடுவில் கிதார் வாசிப்பு முடிந்ததும் சுருதி ஒரு படி மேலே தாவும், மரீயும் அந்த உயரத்துக்கு ஏறிப்போய் அங்கேயே நின்று பாடுவார். அந்த இடம் வந்ததும் எங்களையும் அறியாமல் நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பாடினோம். மகனுக்கு வெட்கம். கணவர் சிரித்தார்.

அந்தப் பாட்டு 1989 நவம்பரில் முதலிடம் போனபோது, அமெரிக்காவில் அதற்கு 7 அங்குல சிங்கிள் தட்டே கிடையாது, கேசட் மட்டும்தான். அப்படி முதலிடம் பிடித்த முதல் பாட்டு இதுதான்.

மரீயை நான் மேடையில் பார்த்தது 2015 கோடையில், ஸ்வீடனில். 2002இல் அவருக்கு மூளையில் கட்டி கண்டுபிடித்தார்கள். சிகிச்சையில் பிழைத்தாலும் ஒரு கண்ணில் பார்வை குறைந்தது, படிப்பதும் எண்ணுவதும் கஷ்டமானது. அதற்குப் பிறகும் திரும்பி வந்து, வருடக்கணக்கில் உலகம் சுற்றிப் பாடினார். நான் பார்த்த அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பழைய உயரங்களில் சிலவற்றுக்குக் குரல் போகவில்லை. அந்த இடங்களையெல்லாம் கூட்டம் எடுத்துக்கொண்டது. என் பக்கத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள், ஒரு வரி விடாமல் பாடினார்கள். மரீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மறுபடி தன் வரியில் சரியாக வந்து சேர்ந்தார். 2016இல் மருத்துவர்கள் சொன்னதால் மேடையை விட்டார். 2019 டிசம்பர் 9 அன்று, 61 வயதில் போய்விட்டார். மறுநாள் அலுவலகத்தில் அந்த ஹால்ம்ஸ்டாட் அம்மாவும் நானும் காபி இடைவேளை முழுக்க மரீயைப் பற்றித்தான் பேசினோம்.

ஹிட் பாட்டுகளை மட்டும் தெரிந்தவர்கள் இந்த ஆல்பத்தை ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். ‘க்ரை’ பாட்டில் மரீ அடக்கிப் பாடுவதைத் தவறவிடாதீர்கள். 1989இல் மினியாபொலிஸ் பக்கம் இருந்தவர்கள், வானொலியில் ‘தி லுக்’ முதன்முதலில் வந்ததைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால், எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அந்த முனையிலிருந்து ஒருவர் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் அமையவில்லை.