அப்பச்சிக்குக் கீழ்ப்பல் நாலும் ஆடுது: ஃபிளாப் ஆபரேஷனா, டீப் கிளீனிங்கா, பிடுங்குறதா?

கழனிவாசல்காரன்:
அப்பச்சிக்கு 61 வயசு. ரொம்ப நாளா சுகர், கடைசியாப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 9.1. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. பல் துலக்கினா ஈறுல ரத்தம், வாய் நாத்தம், கீழ் முன்பல் நாலும் லேசா ஆடுது. காரைக்குடியில ஒரு டாக்டர், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல 6 மி.மீ. பள்ளம் (பாக்கெட்) இருக்கு, ஃபிளாப் பண்ணி (ஈறைக் கீறித் திறந்து சுத்தம் பண்ணி), கரைஞ்ச இடத்துல எலும்புப் பவுடர் வைக்கலாம்கிறார். இன்னொருத்தர் நாலையும் எடுத்துட்டு இம்ப்ளாண்ட் (எலும்புல திருகி வைக்கிற செயற்கைப் பல்) போடச் சொல்றார். ஆத்தாவோ, கிளீன் பண்ணினாத்தான் பல் ஆடும், உப்பை வச்சுத் தேச்சாப் போதும்கிறாங்க. எதை முதல்ல செய்யறது?

செக்காலை பல்மருத்துவர்:
ரெண்டுமே இப்ப வேண்டாம் தம்பி. முதல் படி டீப் கிளீனிங்தான். சாதாரண ஸ்கேலிங் ஈறுக்கு மேல இருக்கிற காரையை எடுக்கும். இது மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ள வேர் வரைக்கும் சுரண்டி வழவழப்பாக்கும். வாயைப் பிரிச்சு ரெண்டுல இருந்து நாலு தடவையா முடிப்பாங்க. சுகர்காரர் காலையில சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுட்டு வரணும். வெறும் வயித்தோட வந்து நாற்காலியில சுகர் இறங்கிட்டா அதுதான் வம்பு.

6 முதல் 12 வாரம் கழிச்சு பாக்கெட் ஆழத்தை மறுபடி அளக்கணும். ஒரு பல்லுக்கு ஆறு இடம். 3 மி.மீ. வரை சரி. 4 இருந்தும் ரத்தம் வரலைன்னா பராமரிப்பு போதும். 6-ம் அதுக்கு மேலயும் எந்த இடத்துல நிக்குதோ, அங்க மட்டும் ஃபிளாப் பத்திப் பேசலாம். முதல் நாளே அளந்து முதல் நாளே ஆபரேஷன்னா, வீக்கத்தையும் சேர்த்து அளந்துட்டு வெட்டுற மாதிரி.

ஹெச்பிஏ1சி 9-ல இருக்கும்போது அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைக்கிறதுதான் நல்லது. புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். டீப் கிளீனிங்குக்கு அந்தத் தடை இல்லை. ஈறு ஆறினா மூணு மாசத்துல ஹெச்பிஏ1சி-யே சுமார் 0.4 இறங்குறதா ஆய்வுகள் காட்டுது.

ஆத்தா சொல்றதுக்கும் காரணம் இருக்கு. எலும்பு கரைஞ்ச பல்லைக் காரைதான் கல்லு மாதிரி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும், சந்து தெரியும், வீக்கம் வத்தி பல் நீளமாத் தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணி கூசும். பல் கெட்டது கிளீனிங்கால இல்லை. உப்பு, செங்கல்பொடி, கரியைப் போட்டுத் தேச்சா ஈறு இன்னும் கீழ இறங்கும்.

புதுவயல் ஆச்சி:
எலும்புப் பவுடர் பத்தி ஒண்ணு கேட்டுக்கோ தம்பி. எக்ஸ்ரேயில எலும்பு சரிவா, குழி விழுந்த மாதிரி ஒரு பக்கம் இறங்கியிருந்தா பவுடர் பிடிக்கும். வரிசையா எல்லாப் பல்லுக்கும் சமமா இறங்கியிருந்தா பெருசாப் பிடிக்காது, காசுதான் போகும். கீழ் முன்பல்லுல பெரும்பாலும் ரெண்டாவது வகைதான். டாக்டர்கிட்ட “இது எந்த வகை?”ன்னு நேராக் கேளு.

லேசா ஆடுற பல்லை உள்பக்கமா ஃபைபர் வச்சுப் பக்கத்துப் பல்லோட ஒட்டிக் கட்டலாம். மேலயும் கீழயும் அமுங்கி ஆடினாத்தான் பிடுங்குற பேச்சு. ஈறு நோயும் சுகரும் அடங்காம இம்ப்ளாண்ட் போட்டா அதைச் சுத்தியும் இதே நோய் வரும். இதை ஏனோ விலை சொல்லும்போது யாரும் சொல்றதில்லை.

மருந்துக்கடை அண்ணன்:
அம்லோடிபினை யாரும் கவனிக்கலையே! சிலருக்கு அதுவே ஈறைத் தடிக்க வைக்கும். ஈறு மேல ஏறினா பாக்கெட் ஆழமாக் காட்டும். பிரஷர் டாக்டர்கிட்ட வேற மாத்திரை மாத்தலாமான்னு கேளுங்க, தானா நிறுத்திடாதீங்க. ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போட்டாலும் அப்படியே, பல் டாக்டர்கிட்டச் சொல்லுங்க, நீங்களே விட்டுடாதீங்க.

குளோர்ஹெக்ஸிடின் 0.2 சதவீத வாய் கொப்பளிப்பு: 10 மி.லி., ஒரு நிமிஷம், காலையும் ராத்திரியும், ரெண்டு வாரத்துக்கு மேல வேண்டாம். பேஸ்ட் போட்ட உடனே கொப்பளிச்சா பேஸ்ட்டு நுரை மருந்தைச் செயலிழக்க வைக்கும், அரை மணி விடணும். ரொம்ப நாள் போட்டா பல்லும் நாக்கும் பழுப்பேறும், நாக்குல ருசி மாறும். அதைக் கொப்பளிச்சாலும் காரை கரையாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் தேவையில்லை. மெட்ரோனிடசோல் எழுதினா மது கூடாது.

கழனிவாசல்காரன்:
நன்றி. பெரிய எக்ஸ்ரே (ஓபிஜி) கையில இருக்கு, அது போதுமா? அப்பச்சி வெத்தலையோட புகையிலையும் போடுவாங்க.

செக்காலை பல்மருத்துவர்:
பொதுவாப் பார்க்க ஓபிஜி போதும். ஆடுற பல்லுக்கும் குழி சந்தேகம் உள்ள இடத்துக்கும் சின்ன எக்ஸ்ரே தனியா வேணும். புகையிலையை நிறுத்தலைன்னா கிளீனிங்கும் ஃபிளாப்பும் பாதிதான் பலிக்கும். செலவு யோசனைன்னா புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பாருங்க, ஈறு சிகிச்சைப் பிரிவுன்னு கேட்டுப் போங்க.

வீட்டுல மெத்துன்னு இருக்கிற பிரஷ், முடி ஈறு ஓரத்துல 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கணும், அழுத்தாம அசைக்கணும். சந்து பெருசா இருக்கிறதால நூலை விட சந்துக்குள்ள விடுற குட்டி பிரஷ்தான் நல்லாச் சுத்தம் பண்ணும். ராத்திரி ஒரு தடவை. நுழையாத சந்துல திணிக்கக் கூடாது, அளவு சின்னதா வாங்கணும். ரத்தம் வருதுன்னு அந்த இடத்தை விடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்பும் கிளீனிங்கும் நிக்கக் கூடாது.