பிக்சல் பின்னிங்: கூட்டுவது படவணுவையா, ஒளிக்குழியையா?

அனைவருக்கும் வணக்கம்.

கேமராவில் அடுத்தடுத்துள்ள பல பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்கும் 'பிக்சல் பின்னிங்'கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: படவணுத் தொகுப்பு, படவணு இணைப்பு, படவணுக் கூட்டல் (படவணு என்பது பிக்சல்). தொகுப்பு வேண்டாம், படத்தொகுப்பு என்றால் சினிமாக்காரர்களுக்கு எடிட்டிங். இணைப்பு என்றால் மின்னஞ்சலின் அட்டாச்மென்ட் என்றாகிவிட்டது. கூட்டல் பரவாயில்லை. ஆனால் எனக்கு உறுத்துவது சொல்லின் முன்பாதிதான்.

சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை (2023) எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 200 மெகாபிக்சல், அதாவது 20 கோடி பிக்சல். வழக்கமாகக் கைக்கு வரும் படமோ 12 மெகாபிக்சல் சொச்சம். மீதி எங்கே போனது? உணரியில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சில்லில், இருப்பவை ஒளியை வாங்கும் 20 கோடி குழிகள். ஒவ்வொன்றின் பக்கமும் 0.6 மைக்ரோமீட்டர்தான். மங்கலான வெளிச்சத்தில் அவ்வளவு சின்னக் குழிக்குள் விழும் ஒளி சொற்பம், இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கறை) அதிகம். அதனால் அடுத்தடுத்துள்ள 16 குழிகளுக்கு மேல் ஒரே நிற வடிகட்டியை வைத்து, பதினாறும் வாங்கியதைச் சேர்த்துப் படத்தில் ஒரு புள்ளியாக்குகிறார்கள். 2.4 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள ஒரே பெரிய குழிபோல அது வேலை செய்கிறது. 20 கோடியை 16ஆல் வகுத்தால் 1.25 கோடி, கணக்கு சரியாகிவிட்டது.

உணரியின் குழி, படத்தின் புள்ளி இரண்டுக்கும் படவணு என்றே சொன்னால், 'படவணுக்களைக் கூட்டிப் படவணு செய்கிறது' என்று எழுத வேண்டிவரும். விற்பவருக்கு அந்தக் குழப்பம் வசதி, நமக்கு எதற்கு? உணரியில் இருப்பது ஒளிக்குழி, படத்தில் இருப்பது படவணு. சேர்க்கும் செயல் கொத்தாக்கம். நான்கு சேர்ந்தால் நாற்கொத்து. ஐபோன் 14 ப்ரோவின் 48 மெகாபிக்சல் 12 ஆவது அப்படித்தான். கொத்து பரோட்டா ஞாபகம் வருகிறது என்று யாராவது கிண்டல் செய்வீர்கள். செய்யுங்கள், சாவிக்கொத்தும் அதே கொத்துதான்.

அப்புறம், 'மெகாபிக்சல் எல்லாம் வெறும் ஏமாற்றா?' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். முழுக்க அப்படி இல்லை. நல்ல வெயிலில் 200 மெகாபிக்சலில் எடுத்தால், தூரத்துக் கடைப்பலகையின் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். அதே அமைப்பில் இரவு எடுத்தால் நிழல் பகுதியெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும், கோப்பும் வீங்கும். 4கே திரையே மொத்தம் 83 லட்சம் படவணுக்கள்தான். ஐபோன்களின் முதன்மைக் கேமரா 2015இல் வந்த 6எஸ் முதல் 2021இன் 13 வரை 12 மெகாபிக்சலைத் தாண்டவில்லை. படங்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டன. உணரியின் பரப்பு, லென்ஸ், மென்பொருள் மூன்றும்தான் காரணம். போன் வாங்கப் போகிறவர் முதலில் உணரியின் அளவைக் கேட்கட்டும்.

ஒளிக்குழிக்குப் பதில் 'ஒளிக்கலம்' என்றும் யோசித்தேன். அது போட்டோசெல்லுக்கு ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. கொத்தாக்காமல் 200 மெகாபிக்சலையும் முழுதாக எடுக்கும்போது, 16 குழிக்கு ஒரே நிறமாக இருப்பதைக் குழிக்குக் குழி நிறம் மாறுவதுபோல மென்பொருள் மாற்றி அடுக்குகிறது. அதற்கு 'நிற மறுஅடுக்கு' சரிவருமா?