வீட்டு ஆய்வு அறிக்கையில் உள்ள குறைகள்: எதற்குச் செலவு கூடும், எஸ்டிமேட்டை எப்படி ஒப்பிடுவது?

வாசற்படி:
வணக்கம். வாங்கலாம் என்று பார்க்கும் 20 வருடப் பழைய வீட்டின் ஆய்வு அறிக்கை வந்திருக்கிறது. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே கூரைத் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, சுமார் 1 சதுர மீட்டர். கூடத்துச் சுவரில் முக்கால் மீட்டர் உயரம் வரை ஓதம். ஜன்னல் மூலைகளில் சாய்வான விரிசல். சில பிளக் பாயிண்டுகளில் எர்த் இல்லை. நாலைந்து டைல்ஸ் தட்டினால் பொள்ளலாகக் கேட்கிறது. இரண்டு காண்ட்ராக்டர்கள் கொடுத்த எஸ்டிமேட்டில் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு. இரண்டிலுமே "தளம் ரிப்பேர், பெயின்டிங் உட்பட" என்று ஒற்றை வரிதான். எதை வைத்து ஒப்பிடுவது? எந்தக் குறைக்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம்?

ரசமட்டம்:
தளத்தை முதலில் பாருங்கள். பணம் போகும் இடம் அதுதான்.

கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் காங்கிரீட் பிளந்து விழுகிறது. அதனால் பெயர்ந்து தெரியும் இடத்தோடு சேதம் நிற்பதில்லை. சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் பிடிப்பு இருக்கிறது, 'டொப்' என்றால் உள்ளே விட்டுவிட்டது. டொப் சத்தம் நிற்கும் எல்லையைச் சாக்பீஸால் வளைத்து, அந்தப் பரப்பை அளங்கள். மூன்று மடங்கு வித்தியாசம் இங்கேயே வந்திருக்கலாம்: ஒருவர் கண்ணுக்குத் தெரிந்ததை அளந்திருப்பார், மற்றவர் தட்டிப் பார்த்து அளந்திருப்பார்.

வேலை நடக்க வேண்டிய முறை: தளத்துக்கு முட்டுக் கொடுத்து, விட்டுப்போன காங்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முதுகுப் பக்கமும் விரல் நுழையும் அளவு, சுமார் 20 மி.மீ., திறக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசினால் பின்பக்கத் துரு வளர்ந்து புதுப் பூச்சையும் தள்ளிவிடும். கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளிச்சென்று தெரிந்தபின் விட்டம் அளக்கும் கேலிப்பரில் அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகத் தேய்ந்திருந்தால் 1 மி.மீ.தானே என்று விட வேண்டாம். குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விட்டது. அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். நல்ல கம்பியோடு இரண்டு முனையிலும் விட்டத்தின் 50 மடங்கு, அதாவது 40 செ.மீ., ஒட்டு வர வேண்டும். பிறகு துருத் தடுப்பு ப்ரைமர், ஒட்டும் திரவம், அதற்கு மேல் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர். ஒரே மொத்தையாக அப்பினால் கனம் தாங்காமல் தொங்கி விழும். அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும்.

எஸ்டிமேட்டைச் சோதிக்க ஒரு கணக்கு: 1 சதுர மீட்டரில் 25 மி.மீ. கனம் நிரப்ப 25 லிட்டர் மார்ட்டர் வேண்டும். எடையில் ஏறக்குறைய 50 கிலோ. அந்த அளவுக்குப் பை எழுதவில்லை என்றால் சாதாரண சிமெண்ட் கலவையைத்தான் அப்பப் போகிறார்கள்.

நீரோட்டம்:
மேலே சொன்னது அத்தனையும் குளியலறைத் தண்ணீரை நிறுத்திய பிறகு. வரிசை மாறினால் செலவு இரண்டு முறை.

நஹானி டிராப் (குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் கழிவுத் துளை) வாயைத் துணி திணித்த பிளாஸ்டிக் பையால் அடைத்து, தரையில் 25 மி.மீ. தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் கீழிருந்து பாருங்கள். கீழே கசிந்தால் தரை அல்லது டிராப்பின் கழுத்து. கசியாவிட்டால் குழாய்ப் பக்கம் தேடுங்கள். யாரும் புழங்காதபோதும் ஈரம் காயவில்லையா, அழுத்தத்தில் இருக்கும் சப்ளை லைன். புழங்கினால் மட்டும் சொட்டுகிறதா, கழிவுக் குழாய். சப்ளைக்கு இன்னொரு சோதனை: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் மீட்டர் முள்ளைக் கவனிப்பது.

டிராப் கழுத்து மட்டும் என்றால் நாலு டைல் எடுத்து முடியும் வேலை. தரை முழுக்க என்றால் செலவை ஏற்றுவது வாட்டர்ப்ரூஃப் மருந்து இல்லை. டைல்ஸ் உடைப்பது, இடிபாடு அகற்றுவது, கழிப்பறைச் சாமான்களைக் கழற்றி மாட்டுவது, புது டைல்ஸ் இவைதான்.

சுவர் ஓதம்: நீளவாக்கில் ஒரே மட்டமாக உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஏறுவது, வட்டத் திட்டாக இருந்தால் குழாய். ஏறும் ஓதம் என்றால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். மண்ணையோ நடைபாதையையோ மேடாக்கி, அஸ்திவாரத்துக்கு மேல் இருக்கும் ஈரத்தடுப்பு அடுக்கையே மூடியிருப்பார்கள். அந்த அடுக்குக்கு 15 செ.மீ. கீழே வரை தோண்டி இறக்கினாலே பல வீடுகளில் போதும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்து மூடினால் ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும், தயவுசெய்து வேண்டாம். சுவர் காய 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 23 செ.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். பெயின்டிங்கை இந்த எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வாசற்படி:
நன்றி. எர்த் விஷயத்தில் வீட்டுக்காரர் "ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டன் அழுத்தினால் டிரிப் ஆகிறது, எர்த் சரிதான்" என்கிறார். அது போதுமா?

பச்சைக்கம்பி:
போதாது. அந்தப் பட்டன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சிறு மின்னோட்டம் விட்டுப் பார்க்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் டிரிப் ஆகும்.

பயப்பட வேண்டியது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சின்னக் கம்பியால் இணைத்திருப்பது. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்த சாக்கெட்டில் மாட்டிய வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க பேஸ் வந்து நிற்கும். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை ஒவ்வொரு பாக்ஸாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே, 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எம்சிபி விழுவதற்குள் ஒயர் வெந்துவிடும்.

எர்த் கொடுக்கும் செலவு, சுவருக்குள் ஒயர் போகும் பைப்பைப் பொறுத்தது. பாக்ஸில் ஒரு ஒயரை இழுத்தால் மறுமுனை அசைகிறதா? அசைந்தால் பழைய ஒயரோடு கட்டிப் பச்சை எர்த் ஒயரை இழுத்துவிடலாம், செலவு குறைவு. அசையாவிட்டால் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்ட வேண்டும். பூச்சும் பெயின்டும் சேர்ந்துகொள்ளும்.

ரசமட்டம்:
விரிசல் பாக்கி. மயிரிழை அளவில், உள்பக்கம் மட்டும் என்றால் பூச்சு வேலைதான். ஒரு முனை அகன்று மறுமுனை குறுகி, வெளிச்சுவரில் அதே இடத்திலும் தெரிந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதா என்று கேட்க வேண்டும். மாதக்கணக்கில் அளந்து பார்க்க உங்களுக்கு நேரம் இல்லை. அதனால் விரிசலை அடைத்த பழைய பட்டிப் பூச்சைத் தேடுங்கள்: முன்பு அடைத்த விரிசல் அதே கோட்டில் மறுபடி திறந்திருந்தால் அசைவு நிற்கவில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பொள்ளல் டைல்ஸ் ஆடவில்லை, உடையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

விலை குறைத்துக் கேட்கத் தளம், குளியலறை, அசையும் விரிசல் மூன்றும் போதும். இரண்டு காண்ட்ராக்டர்களிடமும் ஒரே தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்: கொத்தி எடுக்க சதுர மீட்டருக்கு எவ்வளவு, மார்ட்டர் பைக்கு எவ்வளவு, கூடுதல் கம்பி கிலோவுக்கு எவ்வளவு, முட்டும் இடிபாடும் தனி. கொத்திய பிறகு பரப்பு கூடினால் அதே விலையில்தான் கூட வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.