குவாசா என்று ஒரு சொல்

குழு: பாட்டி வீடு, சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா)

வெள்ளிக்கிழமை

[இரவு 8.12] அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8.15] கிள்ளான் சித்தப்பா: அண்ணி, மார்க்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. தமிழைத் தவிர எல்லாவற்றிலும் அடி வாங்கியிருக்கிறான். டவுனில் டியூசன் சென்டர் இருக்கிறதே, ஐந்து பாடத்துக்கும் சேர்த்துவிடுங்கள். பாதிப் பணம் நான் போடுகிறேன்.

[8.16] அத்தை: அண்ணி, தப்பாக நினைக்காதீர்கள். தம்பியும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். பதினேழு வயதுப் பிள்ளை. மார்க்கை இங்கே போட வேண்டாம், அழித்துவிடுங்கள்.

[8.19] அம்மா: அழித்துவிட்டேன். மனசு கேட்காமல் போட்டுவிட்டேன், அவன் பார்ப்பானே என்று தோன்றவில்லை. எஸ்.பி.எம். என்கிற பள்ளி இறுதிப் பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது.

[8.23] அப்பா: போன வருடமும் டியூசனுக்கு அனுப்பினோம். கணிதத்துக்கு ஓர் இடம், இரசாயனத்துக்கு இன்னோர் இடம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். இவன் பின்னால் உட்கார்ந்து பலகையில் இருப்பதை எழுதிக்கொண்டு வருவான். நோட்டு அழகாக நிறைந்திருக்கும். சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, அவர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்.

[8.26] அத்தை: அண்ணே, எனக்கு இரண்டு வாரம் கொடுங்கள். சாயங்காலம் இங்கே பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எல்லாப் பாடப் புத்தகமும், திருத்தி வந்த பரீட்சைத் தாள்களும் பையில் இருக்கட்டும். ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம்.

[8.28] கிள்ளான் சித்தப்பா: அக்கா, நீங்கள் தற்காலிக ஆசிரியராக இருந்தபோது சொல்லிக்கொடுத்தது மலாய்தானே? பௌதிகம், இரசாயனம் எல்லாம் எப்படி?

[8.31] அத்தை: பௌதிகம் எனக்கு வராது. ஆனால் அவனுக்கு எங்கே தட்டுகிறது என்று பார்க்க எனக்கு வரும். அந்த இடம் தெரிந்தால் பினாங்கில் படிக்கிற பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

[8.32] பினாங்கு அக்கா: ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன் அத்தை. வீடியோ கால் போடுங்கள்.

[8.40] அம்மா: சரி, இரண்டு வாரம்.

புதன்கிழமை

[இரவு 9.35] அத்தை: நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் இரண்டு நாளும் நான் பாடமே நடத்தவில்லை. ஒரு கேள்வியை வாசிக்கச் சொல்வேன். விடை வேண்டாம், என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் தமிழில் சொல் என்பேன். கணிதத்தில் இருபடிச் சமன்பாடு ஒன்று. எக்ஸ் வர்க்கம், கழித்தல் 5 எக்ஸ், கூட்டல் 6, சமம் 0. புஞ்சாவைக் கண்டுபிடி என்று மலாயில் கேள்வி. பரீட்சைத் தாளில் தம்பி அதை இரண்டு அடைப்புக்குறியாகச் சரியாகப் பிரித்திருக்கிறான். அதோடு நிறுத்திவிட்டான். 2, 3 என்ற விடை இல்லை. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். "புஞ்சா என்றால் காரணம்தானே அத்தை? கணக்குக்கு என்ன காரணம் எழுதுவது?" என்றான்.

வரலாற்றுப் புத்தகத்தில் புஞ்சா என்றால் காரணம். கணிதப் புத்தகத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கணிதம் சொல்லிக்கொடுத்தவர் வரலாற்று நோட்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

[9.41] பெரியப்பா: தமிழில் அதற்குப் பெயர் மூலம். சமன்பாட்டின் மூலம் என்போம். பிரச்சினைக்கு மூலகாரணம் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் மூலம்தான்!

[9.42] அத்தை: பெரியண்ணே, அருமை! நாளைக்கே அவனிடம் இதைச் சொல்கிறேன்.

[9.44] நான்: பார்த்துவிட்டேன் பெரியப்பா. இனிமேல் மறக்காது.

[9.52] அத்தை: இன்னும் ஒரு சொல் இருக்கிறது, குவாசா. கணிதத்தில் குவாசா டுவா என்றால் வர்க்கம். வரலாற்றில் குவாசா என்றால் ஆட்சி அதிகாரம், குவாசா பாராட் என்றால் மேற்கத்திய வல்லரசுகள். பௌதிகத்தில் குவாசா என்றால் திறன், வேலையை நேரத்தால் வகுத்தால் வருவது. 600 நியூட்டன் சுமையை 4 மீட்டர் உயரத்துக்கு 8 விநாடியில் தூக்குகிற மோட்டாரின் குவாசா என்ன என்று ஒரு கேள்வி. 2400 ஜூல் வரை சரியாகப் போட்டுவிட்டு விட்டுவிட்டான். 8ஆல் வகுத்தால் 300 வாட், முடிந்தது.

கணிதத்திலும் இதே கதைதான். கடினமான பகுதியைப் போட்டுவிட்டான், கடைசி வரி இல்லை. பௌதிகம் தெரியாத பிள்ளை 2400 வரை வரவே மாட்டான். கேள்வி புரியாத பிள்ளைதான் அங்கே நிற்பான்.

[9.58] பினாங்கு அக்கா: அத்தை, எனக்கும் நாலாம் படிவத்தில், பதினாறு வயதில், இப்படித்தான் இருந்தது. கெட்டிக்காரி இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை.

[10.03] கிள்ளான் சித்தப்பா: இதற்குத்தான் அப்போதே சொன்னேன், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் மலாய் வழித் தேசியப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாம் என்று.

[10.11] அத்தை: கிள்ளான் தம்பி, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியண்ணன் மூலம் என்று சொன்னதும் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டானே, அது எங்கிருந்து வந்தது? கையில் ஒரு மொழி கெட்டியாக இருப்பதால்தான் அடுத்த மொழிச் சொல்லை அதன்மேல் வைக்க முடிகிறது. நடந்தது வேறு. 2020, 2021 இரண்டு வருடமும் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. இவன் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற காலம். தமிழில் படித்த கணிதத்தையும் அறிவியலையும் மலாயில் மாற்றிக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான். நம் வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள்.

[10.14] அம்மா: ஆமாம். பெரியவளுக்குப் பரீட்சை என்று அவளுக்குத்தான் போன் கொடுத்தோம். இவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். ஒன்றும் கேட்க மாட்டான்.

[10.20] கிள்ளான் சித்தப்பா: சரி அக்கா. அந்த மாதிரி நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை

[காலை 11.05] அப்பா: கம்பெனியில் ஒருவர் சொன்னார், வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது என்று. உண்மையா?

[11.12] அத்தை: உண்மைதான் அண்ணே. மலாயும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். வரலாறு 2013இலிருந்து அப்படி. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கி இந்த இரண்டில் ஒன்று போனாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. அதனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் உட்கார்ந்தால் மூன்று நாள் இந்த இரண்டுக்கும்தான்.

மலாய்க் கட்டுரைத் தாளில் முதல் பகுதிக்கு 30, இரண்டாம் பகுதிக்கு 70. தம்பி 30க்குரியதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 70க்குரியதை நேரமில்லாமல் அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறான். இதற்கு இலக்கணம் தேவையில்லை, கடிகாரம் போதும். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன்.

[11.15] அப்பா: வரலாற்றுக்கு?

[11.24] அத்தை: கேள்வியின் முதல் சொல்லைப் பார்க்கப் பழக்குகிறேன். ஞாத்தாக்கான் என்றால் குறிப்பிடு, ஒரு வரி போதும். ஜெலாஸ்கான் என்றால் விளக்கு. ஹுராய்கான் என்றால் விரித்து எழுது. இவன் மூன்றுக்கும் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறான். எழுதிய வரி பெரும்பாலும் சரி.

நேற்று நாலாம் படிவத்து அவசரகாலப் பாடத்தை எடுத்தேன், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேயர் அறிவித்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று இருக்கிறது. எங்கே என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்து "சுங்கை சிப்புட்" என்று வாசித்தான். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

[11.26] நான்: நம் ஊர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பள்ளியில் படித்தேன், மனப்பாடம்கூடச் செய்தேன். ஆனால் இந்த ஊர் என்று தோன்றவில்லை.

[11.40] பாட்டி (குரல் பதிவு, அத்தை எழுதியது): அய்யா, அப்போது நான் கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவள், சுட்டது எனக்குத் தெரியாது. எனக்கு ஏழெட்டு வயது ஆனபோது தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட் ஒன்றுதான். அரிசி அளந்துதான் கொடுப்பார்கள். அம்மா ரப்பர் பால் வெட்டப் போகும்போது சோறு கொண்டு போகக் கூடாது, கேட்டில் வாளியைத் திறந்து பார்ப்பார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுக்குச் சோறு போய்விடும் என்று பயம். வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வந்துதான் சாப்பிடுவார்கள்.

[11.44] அத்தை: புத்தகத்தில் இது உணவுக் கட்டுப்பாடு என்று ஒரே வரியாக இருக்கிறது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம், அதன் கீழ் மக்களை வேலிக்குள் குடியமர்த்தியது, உணவு வெளியே போகாமல் தடுத்தது. ஹுராய்கான் என்று கேட்டால் அந்த ஒரு வரியை எப்படி விரிப்பது என்று இவ்வளவு நாள் அவனுக்குத் தெரியவில்லை. பாட்டி விரித்துக் காட்டிவிட்டார்கள். அம்மா, இன்னும் சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்ளட்டும்.

[11.50] பெரியப்பா: ஜூன் 18ஆம் தேதி மலாயா முழுவதற்கும் அவசரகாலம் என்று அறிவித்தார்கள். முடிந்தது 1960 ஜூலை 31. பன்னிரண்டு வருடம். அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை

[மாலை 5.20] பினாங்கு அக்கா: இன்று இரசாயனம் முடிந்தது. ரப்பர் பால் ஏன் உறைகிறது என்ற பகுதி. நான் சொல்லிக்கொடுத்தது பாதி, மீதி பாட்டிதான். பால் உறைய என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஆசிட் ஊற்றுவோம் என்றார்கள். உறையாமல் வைக்க? அமோனியா ஊற்றுவோம் என்றார்கள். பரீட்சைக்கு அதுதான் விடை!

காரணத்தை மட்டும் நான் சொன்னேன். பாலில் மிதக்கும் ரப்பர் துகளைச் சுற்றி ஒரு புரதச் சவ்வு இருக்கிறது. அதில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஆசிட்டில் உள்ள ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். அப்புறம் துகள்கள் மோதி, சவ்வு உடைந்து, உள்ளே இருக்கும் ரப்பர் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

[5.24] பாட்டி (குரல் பதிவு, அத்தை எழுதியது): ஆசிட் ஊற்றாமல் பால் பிடிக்கிற மங்கிலேயே விட்டாலும் மறுநாள் கட்டியாகிவிடுமே, அது ஏன்?

[5.27] பினாங்கு அக்கா: பாட்டி, அதையும் பரீட்சையில் கேட்பார்கள். காற்றில் இருக்கும் பாக்டீரியா பாலில் விழுந்து பெருகும்போது அதுவே ஆசிட்டை உண்டாக்கும். அதனால்தான் மெதுவாக உறைகிறது. அமோனியா அந்த ஆசிட்டை முறித்துவிடும்.

[5.31] நான்: மலாயில் இதற்கு பெங்கும்பாலான். எனக்கு நிற்கவே இல்லை. பிறகு பார்த்தால் உள்ளே கும்பல் இருக்கிறது. துகள்கள் கும்பலாகச் சேர்ந்துவிடுகின்றன. இனி மறக்காது.

[5.33] பெரியப்பா: சபாஷ்!

[5.36] அம்மா: நோட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லை எழுதி, பக்கத்தில் எந்தப் பாடத்தில் என்ன பொருள் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறான். 43 சொல் வந்துவிட்டது. இவன் கையெழுத்து இவ்வளவு சின்னதாக இருக்குமா என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை

[இரவு 8.48] கிள்ளான் சித்தப்பா: அண்ணி, இரண்டு வாரம் ஆகப்போகிறது. டியூசன் என்ன முடிவு?

[8.55] அம்மா: கணிதத்துக்கு மட்டும் சேர்க்கலாம் என்று அத்தை சொல்கிறாள். அதுவும் அடுத்த மாதத்திலிருந்து.

[8.59] அத்தை: ஆமாம். கேள்வி புரிய ஆரம்பித்தபிறகு அவனுக்குத் தேவை பயிற்சி. அதற்கு வகுப்பு நல்லது. அங்கே போய் பின்னால் உட்காராமல் கை தூக்கிக் கேட்பான் என்று நினைக்கிறேன். சித்தப்பா கொடுக்கிற பணத்தில் கடந்த வருடக் கேள்வித்தாள் தொகுப்புகள் வாங்கிக்கொள்வோம், எல்லாப் பாடத்துக்கும். பௌதிகத்தில் நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன், அது இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது.

[9.02] கிள்ளான் சித்தப்பா: சனிக்கிழமை வருகிறேன். ஈப்போவில் வாங்கிக்கொண்டே வந்துவிடுகிறேன். பட்டியல் அனுப்புங்கள்.

[9.20] நான்: படம்

[9.21] நான்: அவசரகாலத்தில் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை, ஹுராய்கான். அத்தை திருத்தியது. 20க்கு 11. நானே போடுகிறேன் அம்மா, அழிக்க வேண்டாம்.

[9.22] அம்மா: சரிய்யா.

[9.26] அத்தை: இரண்டாம் பத்தியில் பாட்டி சொன்ன வாளியை எழுதியிருக்கிறாய், நல்லது. ஆனால் பிரிக்ஸ் திட்டத்தின் பெயரே வரவில்லை, அங்கேதான் மார்க் போனது. நாளைக்கு அந்தப் பத்தியை மட்டும் மறுபடி எழுதுவோம். பௌதிகப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வா.