மறு: 'கோல் மொடலிங்': இலக்கா, குறிக்கோளா?

வணக்கம். ஓர் அமைப்பு எதை, ஏன் செய்ய வேண்டும் என்பதைக் கிளை கிளையாகப் பிரித்து வரையும் பொறியியல் முறைதான் 'கோல் மொடலிங்' (goal modelling). அதற்கு என்ன தமிழ்ச்சொல் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'இலக்கு மாதிரியாக்கம்' என்றே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் ஐயா, வேறொன்றாக விளங்கிவிடும் என்பதுதான் என் பயம். ஆளில்லா விமானம் பற்றிய ஆவணத்தில் 'இலக்கு' என்று எழுதினால், போர்க்காலத்து வன்னியில் 'வண்டு' என்ற ஆளில்லா வேவு விமானம் இரைந்ததைக் கேட்டவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள்? இங்கே அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இலக்கு என்றதும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்குதான் நினைவுக்கு வரும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

இதை வெறும் மனவருத்தம் என்று நீங்கள் தள்ளினாலும் பொறியியல் காரணம் ஒன்று மிஞ்சும். ஆக்ஸல் வான் லாம்ஸ்வேர்டேயும் அவருடைய குழுவினரும் 1990களில் வளர்த்த காவோஸ் (KAOS) என்ற கோல் மொடலிங் முறையில் எய்த வேண்டியவை, காக்க வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை என்று வகைகள் உண்டு. இலக்கு, எய்தியதும் முடிந்துவிடும். பறக்கும் நேரம் முழுக்க விடாமல் காக்க வேண்டிய ஒன்றை அந்தச் சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

தேயிலை மலை ஒன்றைப் படமெடுக்க ட்ரோன் அனுப்புகிறோம் என்று வையுங்கள். 'தொடர்பு அறுந்தால் 30 மீட்டர் உயரத்தில் திரும்பி வரவேண்டும்' என்று தேவைப்பாடு ('ரிக்குவயர்மென்ட்') எழுதியாயிற்று. சமதரையில் குறையில்லை. ஆனால் பல ட்ரோன்கள் உயரத்தைப் புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்கிடுகின்றன. ஆற்றோரத்தில் கிளப்பி, திரும்பும் வழியில் ஒரு முகடு குறுக்கே நின்றால், அந்த 30 மீட்டர் முகட்டின் வயிற்றுக்குள் இருக்கும். 'ஏன் 30?' என்று மேல்நோக்கிக் கேட்டால்தான், 'கீழுள்ள நிலத்திலிருந்தும் நிழல் மரங்களிலிருந்தும் எப்போதும் இடைவெளி காத்தல்' என்ற அசல் விஷயம் வெளியே வரும். 'எப்படி?' என்று கீழ்நோக்கிக் கேட்டால், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடமா, தரையை நோக்கிய உணரியா என்று கிளை பிரியும்.

அடிக்கிளையில், மென்பொருள் தனியே பொறுப்பேற்பது தேவைப்பாடு. மனிதர் பொறுப்பேற்பது எதிர்பார்ப்பு. 'மூடுபனி இறங்கினால் இயக்குபவர் கிளப்பமாட்டார்' என்பது எதிர்பார்ப்புதான். அதைத் தேவைப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பவர்கள் பனியைப் பார்த்ததில்லை போலும்.

ஆகவே குறிக்கோள் மாதிரியாக்கம். வகைகளுக்கு எய்துகுறிக்கோள், காப்புக்குறிக்கோள், தவிர்ப்புக்குறிக்கோள். 'கோல்' என்றே ஒலிபெயர்க்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுவோம். எங்கள் ஊரில் அது கம்பு.

> குறிக்கோள் ஏற்கெனவே 'ஒப்ஜெக்டிவ்' என்பதற்குப் போய்விட்டதே?

கல்வித்துறையில் போய்விட்டது, உண்மை. அங்கே இரண்டையும் பிரித்துக் காட்டியாக வேண்டும். லாம்ஸ்வேர்டேயோ, அமைப்பு அடைய வேண்டிய 'ஒப்ஜெக்டிவ்' என்றுதான் 'கோல்' என்பதையே வரையறுக்கிறார். இந்தத் துறைக்குள் இரண்டும் மோதாது.

எனக்கு இன்னும் அகப்படாதது 'சொஃப்ட் கோல்' தான். 'ட்ரோனின் இரைச்சல் கொழுந்து பறிப்பவர்களுக்குத் தொல்லையாகக் கூடாது' என்பது போன்றவை: நிறைவேறியதா இல்லையா என்று கோடு கிழிக்க முடியாது, போதுமான அளவு நிறைவேறினால் சரி. 'மென்குறிக்கோள்' என்றால் முக்கியமில்லாதது என்று தொனிக்கிறது. 'போதுநிலைக் குறிக்கோள்' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?