தற்செயல் என்பது நிஜமா, நம் அறியாமையா?

முருகேசன்:
எல்லாமே இயற்கை விதிப்படிதான் நடக்கிறது. கணக்கு பிடிபடாதபோது அதற்குத் தற்செயல் என்று பேர் வைக்கிறோம். 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் கம்ப்யூட்டரில் வானிலையை ஓட்டிப் பார்த்தார். பாதியிலிருந்து மறுபடி ஓட்ட, அச்சில் இருந்த 0.506 என்ற எண்ணை அடித்தார். கருவிக்குள் இருந்ததோ 0.506127. கொஞ்ச தூரம் இரண்டு ஓட்டமும் ஒன்றாகப் போய், அப்புறம் சம்பந்தமே இல்லாமல் பிரிந்துவிட்டன. அந்தச் சமன்பாடுகளில் பகடை எங்கேயும் கிடையாது.

கயல்விழி:
லோரன்ஸ் காட்டியது கணிக்க முடியாமையைத்தான் சார். எண்ணை முழுசாகக் கொடுத்திருந்தால் அதே விடை வந்திருக்கும். அணுவில் அப்படி வராது. நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொட்டாசியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன. நாளைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆனால் எந்த அணு, எப்போது? அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று இந்த நொடி சிதைகிறது, மற்றது நூறு கோடி ஆண்டு சும்மா கிடக்கிறது. 125 கோடி ஆண்டில் பாதி அணுக்கள் சிதைந்துவிடும் (அரை ஆயுள்) என்கிற அந்த உறுதியான விதியே இந்தத் தற்செயல்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து உண்டாக்குவதுதான்.

முருகேசன்:
உள்ளே நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைத் தீர்மானிக்கலாமே அம்மா?

பிரபா:
அந்தச் சந்தேகத்தைச் சோதிக்கவே 1964-இல் இயற்பியலாளர் ஜான் பெல் வழி சொன்னார். ஒன்றாகப் பிறந்து பிரிந்து போகும் ஜோடித் துகள்கள், அளந்தால் வரும் விடையை முன்கூட்டியே சுமந்து வந்தால், தூரத்தில் இருக்கும் ஒன்று மற்றதை உடனே பாதிக்காது என்றால், அவற்றின் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. சோதனைகளில் தாண்டுகிறது. ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022 நோபல் இதற்குத்தான்.

முருகேசன்:
"உடனே பாதிக்காது என்றால்" என்கிறீர்களே, அங்கேதான் நான் நிற்கிறேன். 1952-இல் இயற்பியலாளர் டேவிட் போம் அந்தப் பாதிப்பை ஏற்றுக்கொண்டே, ஒவ்வொரு துகளுக்கும் திட்டமான பாதை கொடுத்தார். சோதனை முடிவுகள் அப்படியே பொருந்துகின்றன.

கயல்விழி:
பொருந்துகின்றன, மறுக்கவில்லை. ஆனால் போம் கணக்கிலும் துகள்களின் தொடக்க இடத்தை நிகழ்தகவுப்படிதான் வைத்தாக வேண்டும். வழக்கமான குவாண்டம் இயற்பியலிலோ, துகளின் நிலை எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு இம்மி பிசகாமல் ஓடுகிறது, அளக்கும்போது மட்டும் 1926-இல் மாக்ஸ் பார்ன் சொன்ன நிகழ்தகவு வருகிறது. எந்தப் பக்கம் போனாலும் விதியும் தற்செயலும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஒன்றை விரட்டினால்தான் மற்றது நிஜம் என்று ஏன் பிடிவாதம்?

முருகேசன்:
அளக்கும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே? அது ஏன் அதே சமன்பாட்டுக்குக் கட்டுப்படாமல் போகிறது? இதைச் சொல்லுங்கள், உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.