கோம்யோ பேரரசி தன் கணவருக்கே சித்தி முறையா?

நாரா பித்து:
8ஆம் நூற்றாண்டு ஜப்பானைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஷோமு பேரரசரின் மனைவி கோம்யோ, அவருடைய அம்மாவுக்கே தங்கை என்று வருகிறது. உண்மைதானா? அரச குலத்தில் பிறக்காத அவர் எப்படிப் பட்டத்தரசி ஆனார்?

பழஞ்சுவடி:
உண்மைதான். இருவருக்கும் அப்பா ஒருவர், அரசவையில் செல்வாக்கான அமைச்சர் ஃபுஜிவாரா நோ ஃபுஹிதோ. மூத்தவள் மியாகோவை மொன்மு பேரரசருக்குக் கொடுத்தார், 701இல் ஷோமு பிறந்தார். அதே வருடம் இன்னொரு மனைவி மிச்சியோவுக்குப் பிறந்தவர்தான் கோம்யோ. 716இல் பேரனுக்கே இந்த மகளையும் கட்டி வைத்துவிட்டார் மனிதர். நமக்குத்தான் தலை சுற்றும். அங்கே அம்மா வேறாக இருந்தால் ஒரே அப்பாவின் பிள்ளைகள்கூட அரச குடும்பத்தில் மணந்துகொண்டிருக்கிறார்கள்.

பட்டத்தரசி ஆன கதை அவ்வளவு அழகானது இல்லை. 727இல் பிறந்த மகன் மோதோய் ஒரு மாதம் தாண்டியதும் பட்டத்து இளவரசன், ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டான், அதே 728இல் ஷோமுவின் இன்னொரு மனைவிக்கு ஆண் குழந்தை பிறக்க, ஃபுஜிவாரா வீட்டுக்கு வயிற்றில் புளி கரைந்தது. 729இல், அவர்களுக்குத் தடையாக நின்ற இளவரசர் நகாயா சூனியம் வைத்ததாகப் பழி போட்டு அவரைத் தற்கொலைக்குத் தள்ளினார்கள். ஆறு மாதத்தில் கோம்யோவுக்குப் பட்டம். இத்தனைக்கும் நகாயாவின் மனைவிகளில் ஒருத்தி ஃபுஹிதோவின் மகள். அவள் பெற்ற பிள்ளைகளை மட்டும் விட்டுவைத்தார்கள், இன்னொரு மனைவி கிபியும் அவள் மகன்களும் செத்தார்கள். அது பொய்க் குற்றச்சாட்டு என்று பின்னாளில் அரசவை வரலாற்று நூலே எழுதியது.

வாசகி:
ஃபுஜிவாரா அண்ணன்மார் செய்த வேலைக்குக் கோம்யோவின் தலையை உருட்டுவது நியாயமா? 730இல் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் நிலையம் அமைத்தவர் இவர். கணவர் இறந்ததும் 756இல் அவர் பொருட்கள் 600க்கும் மேல் தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்தார், மருந்து மட்டும் 60 வகை. அங்குள்ள ஷோசோயின் என்ற கருவூலத்தின் அடிப்படையே அதுதான்.

பழஞ்சுவடி:
தானத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த வீட்டை அவர் விடவே இல்லை. 737இல் பெரியம்மை வந்து நான்கு சகோதரர்களையும் ஒரே வருடத்தில் கொண்டுபோனது. அப்புறம் ஆட்சியின் உச்சிக்கு வந்த தாச்சிபானா நோ மோரோயேவும் இவர் அம்மாவின் முதல் திருமணத்து மகன்தான்! 744இல் ஒரு நூலைத் தன் கையால் படியெடுத்தபோது பட்டத்தரசி என்றா கையெழுத்துப் போட்டார்? ஃபுஜிவாரா வீட்டு மூன்றாம் மகள் என்று. 749இல் மகள் ஆபே அரியணை ஏறியதும் அண்ணன் மகன் நகமாரோவைத் தன் அலுவலகத்துக்குத் தலைவனாக்கி அதிகாரத்தை அங்கே நகர்த்தினார்.

நாரா பித்து:
அந்த நகமாரோ பிறகு என்ன ஆனான்?

வாசகி:
அத்தை இருக்கும்வரைதான் அவன் ஆட்டம். 760இல் அவர் இறந்தார், 764இல் அவர் மகளுக்கு எதிராகவே படை திரட்டி, பிவா ஏரிப் பக்கம் பிடிபட்டுக் கொல்லப்பட்டான்.